சாவி கை மாறக் கூடாது: எஸ்எஸ்ஹெச் லாகின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக சர்வர் வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் தட்டி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கமாண்டுகள், ஃபைல் பெயர்கள் எல்லாம் இங்கே தமிழெழுத்தில் இருக்கின்றன. டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

எஸ்எஸ்ஹெச் எதற்காக வந்தது?

வேறெங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குள் நம் இடத்தில் உட்கார்ந்தபடியே நுழைந்து வேலை பார்ப்பதற்கு. அந்த வசதி அதற்கு முன்பே டெல்நெட், ஆர்லாகின் என்ற பெயர்களில் இருந்தது. என்ன சிக்கலென்றால், டெல்நெட்டில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு போஸ்ட் கார்டில் எழுதிய மாதிரி அப்படியே நெட்வொர்க்கில் போகும். வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

1995-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ இப்படித்தான் ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளை அள்ளினார்கள். அங்கே இருந்த தாத்து இலோனென் அதற்கு மாற்றாக எழுதியதுதான் செக்யூர் ஷெல். நெட்வொர்க்கில் ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்று ஒரு கதவு எண் உண்டு. ஃபைல் அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்றிருக்க, இடையில் காலியாக இருந்த 22-ஐ அவர் கேட்டு வாங்கினார். இன்றும் அதே போர்ட்தான். இப்போது உலகம் முழுக்க ஓடுவது பெரும்பாலும் ஓபன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் குழுவினர் 1999-இல் தொடங்கிய ஓபன்எஸ்எஸ்ஹெச். எஸ்எஸ்ஹெச் முறையின் இரண்டாம் பதிப்புக்கான விதிமுறைகள் 2006-இல் ஆர்எஃப்சிகளாக (இணையத்தின் பொது விதி ஆவணங்கள்) வெளிவந்தன. முதல் பதிப்பை இனி எங்கேயும் பார்க்கக் கூடாது, பார்த்தால் அணைத்துவிடுங்கள்.

போகும் வழி முழுக்க என்கிரிப்ட் ஆகிறதே (யாரும் படிக்க முடியாதபடி சங்கேதமாக மாறுகிறதே), பிறகு பாஸ்வேர்டே போதாதா?

வழியில் யாரும் படிக்க முடியாது, சரி. ஆனால் போய்ச் சேரும் இடத்தில் பாஸ்வேர்டு முழுசாகக் கையில் கிடைக்கிறதே! அந்த சர்வரை ஏற்கெனவே யாராவது கைப்பற்றியிருந்தால், அல்லது அது நீங்கள் நினைத்த சர்வரே இல்லையென்றால், உங்கள் பாஸ்வேர்டை நீங்களே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாயிற்று. அதே பாஸ்வேர்டை இன்னும் நாலு இடத்தில் வைத்திருப்பீர்கள் என்பது வேறு கதை.

இன்னொன்று, ஊகித்துப் பார்ப்பவர்கள். பப்ளிக் ஐபியோடு புது சர்வர் ஒன்றை ஏற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து லாகை, அதாவது சர்வரின் பதிவேட்டை, பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், உபுண்டு என்று வரிசையாகப் பெயர்களைப் போட்டு யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆள் கூட இல்லை, எல்லாம் பாட்கள், தானாக ஓடும் புரோகிராம்கள். பாஸ்வேர்டு லாகினையே நிறுத்திவிட்டால் அவற்றுக்கு ஊகிக்க ஒன்றும் இல்லை.

பப்ளிக் கீ, ப்ரைவேட் கீ. இதில் யாருக்கு எதைக் கொடுப்பது?

பப்ளிக் கீ என்ற பெயரே குழப்பத்துக்குக் காரணம். அதைச் சாவி என்று நினைக்காதீர்கள், பூட்டு என்று நினையுங்கள். ஒரே மாதிரிப் பூட்டு ஐம்பது செய்து ஐம்பது வீட்டுக் கதவில் மாட்டலாம், தெருவில் போகிறவர்கள் பார்க்கலாம், ஒன்றும் ஆகாது. சாவி ஒன்றே ஒன்று. அது பாட்டி இடுப்பில் செருகிய சாவிக்கொத்து மாதிரி உங்களை விட்டு நகரவே கூடாது.

ஃபைலாகச் சொன்னால், 'ஐடி_ஈடி25519' என்பது ப்ரைவேட் கீ. அதே பெயரோடு 'டாட் பப்' என்று முடிவது பப்ளிக் கீ. யாராவது "உங்க கீ அனுப்புங்க" என்று கேட்டால் டாட் பப் மட்டும்தான் போக வேண்டும். அனுப்பும் முன் திறந்து பாருங்கள். 'பிகின் ஓபன்எஸ்எஸ்ஹெச் ப்ரைவேட் கீ' என்று முதல் வரி இருந்தால் கையை எடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கீ விஷயத்தில் நான் பார்த்த விபத்துகள் பெரும்பாலும் கணிதம் உடைந்து வந்தவை அல்ல. ப்ரைவேட் கீயை மெயிலில் போட்டது, கூகுள் டிரைவில் "பத்திரமாக" வைத்தது, கோடு சேமிக்கும் கிட் ரெப்போவில் தெரியாமல் கமிட் செய்தது, இவைதான்.

ப்ரைவேட் கீ என்னிடமே இருக்கிறது என்றால், நான்தான் என்று சர்வர் எப்படி நம்புகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நீங்கள் கமாண்டை அடித்ததும் யார் என்ற பேச்சே முதலில் வராது. இரண்டு கம்ப்யூட்டரும் டிஃபி-ஹெல்மன் முறையில் பேசி, அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமான ரகசியம் ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன. நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் அந்த ரகசியம் கிடைக்காது. இந்தக் கட்டத்திலேயே சர்வர் தன் ஹோஸ்ட் கீயால் (சர்வருக்கென்றே உள்ள கீ) கையெழுத்திட்டு "நான் இன்னார்" என்று காட்டிவிடும். அந்தப் பேச்சிலிருந்து 'செஷன் ஐடி' என்று ஒன்று பிறக்கிறது. அது ஒவ்வொரு முறையும் வேறு.

அதன் பிறகுதான் நீங்கள். உங்கள் கம்ப்யூட்டர், "இந்தப் பப்ளிக் கீயோடு வரலாமா?" என்று கேட்கும். சர்வர் தன்னிடமுள்ள 'ஆதரைஸ்டு_கீஸ்' ஃபைலை, அதாவது உள்ளே வரலாம் என்று ஏற்ற பப்ளிக் கீகளின் பட்டியலை, புரட்டி, அந்த வரி இருந்தால் "வரலாம், நிரூபி" என்னும். உடனே உங்கள் கம்ப்யூட்டர் செஷன் ஐடி, யூசர் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து ப்ரைவேட் கீயால் கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்தை மட்டும் அனுப்பும். சர்வர் பப்ளிக் கீயை வைத்து அதைச் சரிபார்க்கும். பொருந்தினால் கதவு திறக்கும்.

இதில் அழகு எங்கே என்றால், கையெழுத்துக்குள் செஷன் ஐடி இருக்கிறது. அதனால் இன்றைய கையெழுத்தைத் திருடி நாளைக்கோ, வேறொரு சர்வரிலோ காட்ட முடியாது. போலி சர்வரே அதை வாங்கினாலும் அதற்குப் பயன் இல்லை. பாஸ்வேர்டில் இந்த நிலைமை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"சர்வர் ஒரு புதிரைப் பூட்டி அனுப்பும், நாம் திறந்து விடை சொல்வோம்" என்று பல வீடியோக்களில் விளக்குகிறார்கள். அது முதல் பதிப்பின் வழி. இப்போது நடப்பது கையெழுத்து.

எந்த வகைக் கீ செய்வது?

ஈடி25519. 'எஸ்எஸ்ஹெச்-கீஜென்' கமாண்டில் வகையாக இதைக் கொடுங்கள். ஓபன்எஸ்எஸ்ஹெச் 2014-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து இது உண்டு. 2023-இல் வந்த 9.5 முதல் வகை எதுவும் சொல்லாவிட்டாலும் இதையே செய்கிறது. பப்ளிக் கீ 68 எழுத்துதான், ஒரு வரியில் அடங்கிவிடும். 4096 பிட் ஆர்எஸ்ஏ என்றால் 716 எழுத்து. பழைய ரவுட்டர், சுவிட்ச் என்று ஈடி25519 தெரியாத எதனுடனாவது மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் மட்டும் ஆர்எஸ்ஏ, அதுவும் 3072 பிட்டுக்குக் குறையாமல். டிஎஸ்ஏ வேண்டாம், அதை 2025-இல் வந்த 10.0 பதிப்பில் அடியோடு எடுத்தே விட்டார்கள்.

வகையைவிட முக்கியம், கீ உண்மையிலேயே ஊகிக்க முடியாத எண்ணிலிருந்து பிறக்க வேண்டும் என்பது. டெபியன் கதை தெரியுமா? 2006-இல் டெபியன் என்ற லினக்ஸின் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் (கீ செய்யும் கணக்குகளைப் போடும் லைப்ரரி), ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று கோடில் ஏதோ வரியை நீக்கினார்கள். அதோடு ரேண்டம் எண்ணுக்கான மூலப்பொருள் அத்தனையும் போய், மிஞ்சியது ஓடும் புரோகிராமுக்கு சிஸ்டம் கொடுக்கும் எண்ணான பிராசஸ் ஐடி மட்டும். அது 32,768-க்குள் ஓர் எண். அதாவது ஒரு வகையில், ஒரு நீளத்தில், மொத்தமே அவ்வளவு கீகள்தான் பிறக்க முடியும். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. அதுவரை டெபியனிலும் உபுண்டுவிலும் செய்த கீகளை எல்லாம் தூக்கிப்போட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

கீ செய்யும்போது பாஸ்ஃபிரேஸ் கேட்கிறது. வெறும் என்டர் தட்டிவிடலாமா?

தட்டலாம். தட்டினால் அந்த ஃபைலை எடுத்தவர் கையில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். லேப்டாப் ரிப்பேர் கடைக்குப் போனாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்றாலும் அதே கதி.

பாஸ்ஃபிரேஸ் சர்வருக்குப் போவதில்லை. உங்கள் டிஸ்க்கில் இருக்கும் ஃபைலைப் பூட்டி வைக்க மட்டும்தான். ஒவ்வொரு முறையும் அடிக்க அலுப்பாக இருந்தால் 'எஸ்எஸ்ஹெச்-ஏஜென்ட்' இருக்கிறது. காலையில் ஒரு தடவை சொன்னால் போதும், திறந்த கீயை மெமரியில் வைத்துக்கொண்டு கேட்கும்போதெல்லாம் கையெழுத்து மட்டும் போட்டுத் தரும். விண்டோஸில் இந்த ஏஜென்ட் சர்வீஸ் முதலில் டிசேபிள் ஆகியிருக்கும், நீங்கள்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இரவில் தானாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்குப் பாஸ்ஃபிரேஸ் வைக்க முடியாது. உண்மைதான். அதற்கு உங்கள் சொந்தக் கீயைக் கொடுக்காதீர்கள், தனியாக ஒன்று செய்யுங்கள். சர்வரில் ஆதரைஸ்டு_கீஸ் வரியின் முன்னால் 'ரெஸ்ட்ரிக்ட்' என்றும், எந்தக் கமாண்டை மட்டும் ஓட்டலாம் என்றும் எழுதலாம். அந்தக் கீ திருடு போனாலும் பேக்கப்பைத் தவிர வேறெதையும் ஓட்ட முடியாது.

பப்ளிக் கீயை சர்வரில் எப்படி ஏற்றுவது?

லினக்ஸிலும் மேக்கிலும் 'எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி'. ஒரு தடவை பாஸ்வேர்டு கேட்கும், பிறகு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். விண்டோஸில் அந்தக் கமாண்ட் கிடையாது, கையால் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது நீளமான வரி இரண்டாக உடையாமல் பாருங்கள். சர்வரே விண்டோஸ் என்றால் இன்னொரு பொறி: அட்மின் யூசர்களின் கீயை அவர்கள் ஹோம் ஃபோல்டரில் அது தேடாது. புரோகிராம்டேட்டாவுக்குள் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்_ஆதரைஸ்டு_கீஸ்' என்ற ஃபைலில் தேடும். இது தெரியாமல் நான் அரை நாள் தொலைத்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் "பெர்மிஷன் டினைடு, பப்ளிக்கீ" என்கிறதே?

முதலில் யூசர் பெயர். அமேசான் கிளவுடில் உபுண்டு இமேஜுக்கு 'உபுண்டு', அமேசான் லினக்ஸுக்கு 'ஈசி2-யூசர்'. ரூட் என்று அடித்துவிட்டுக் கீயைத் திட்டுபவர்கள் அதிகம்.

அடுத்தது பெர்மிஷன். இது ஒரு தடவை என்னைப் படுத்தியது. நேற்றுவரை கீயோடு உள்ளே போன சர்வர் இன்று விடமாட்டேன் என்றது. கீ அதேதான், ஆதரைஸ்டு_கீஸ் அதேதான். கன்சோல் (எஸ்எஸ்ஹெச் இல்லாமல் சர்வரின் திரைக்கே போகும் வழி) வழியாகப் போய், லாகின் முயற்சிகள் பதிவாகும் ஆத் லாகைத் திறந்தால் ஒரு வரி: "அத்தன்டிகேஷன் ரெஃப்யூஸ்டு: பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி". யாரோ ஒரு புண்ணியவான் ஃபைல் அப்லோட் ஆகவில்லை என்று ஹோம் ஃபோல்டருக்கே 777, அதாவது எல்லாருக்கும் எழுதும் உரிமை, கொடுத்திருந்தார். வீட்டு வாசலில் யார் வேண்டுமானாலும் பூட்டை மாற்றிவிட்டுப் போகலாம் என்றால் பூட்டை எப்படி நம்புவது? அதனால் எஸ்எஸ்ஹெச் அந்த ஃபைலையே பார்க்க மறுக்கிறது. அதில் தப்பில்லை. வெளியில் இருப்பவருக்கு மட்டும் காரணம் சொல்லாது, லாகில்தான் சொல்லும். ஹோம் ஃபோல்டரில் உங்களைத் தவிர யாருக்கும் ரைட் கூடாது. டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, ஆதரைஸ்டு_கீஸுக்கு 600 (இரண்டுக்கும் உங்களுக்கு மட்டும் என்று பொருள்). உங்கள் பக்கம் ப்ரைவேட் கீக்கும் 600. இல்லையென்றால் 'அன்புரொடெக்டட் ப்ரைவேட் கீ ஃபைல்' என்று கட்டம் கட்டிக் கத்திவிட்டு அந்தக் கீயைத் தொடவே தொடாது.

இரண்டும் இல்லையென்றால் கமாண்டோடு மைனஸ் வி மூன்று தடவை போட்டுப் பாருங்கள். எந்தக் கீயை நீட்டுகிறது, எதற்கு சர்வர் தலையாட்டுகிறது என்று வரிவரியாக வரும். ஏஜென்டில் ஏழெட்டுக் கீ வைத்திருப்பவர்களுக்குச் சரியான கீ வருவதற்குள்ளேயே "டூ மெனி அத்தன்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்" என்று கதவை மூடிவிடும், ஏனென்றால் சர்வர் சாதாரணமாக ஆறு முயற்சிதான் பொறுக்கும். கான்ஃபிக் ஃபைலில் அந்த ஹோஸ்டுக்கு எந்தக் கீ என்று எழுதி, 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி' யெஸ் என்று போடுங்கள்.

முதல் தடவை போகும்போது ஏதோ கைரேகை காட்டி யெஸ்ஸா நோவா என்கிறது. யெஸ் அடித்துவிடலாமா?

எல்லாரும் அடிக்கிறோம். நானும் அடித்திருக்கிறேன். ஆனால் என்ன கேள்வி அது என்று தெரிந்து அடியுங்கள். நீங்கள் யார் என்று சர்வர் பார்ப்பது போல, சர்வர் யார் என்று நீங்கள் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அந்த ஃபிங்கர்பிரின்ட்டை கிளவுட் கன்சோலிலோ, சர்வரை நிறுவியவரிடமோ ஒப்பிட்டுப் பார்த்தால் முறை. யெஸ் சொன்னதும் அது 'நோன்_ஹோஸ்ட்ஸ்' ஃபைலில் ஏறிவிடும், அடுத்த முறை கேட்காது.

அடுத்து ஒரு நாள் "ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்டு" என்று பெரிய எழுத்தில் வரும். தொண்ணூறு சதவீதம் யாரோ சர்வரை ரீஇன்ஸ்டால் செய்திருப்பார்கள், அல்லது அதே ஐபி வேறு மெஷினுக்குப் போயிருக்கும் (கணக்கு என் அனுபவக் கணக்கு). ஆனால் மீதியை நினைத்து, கேட்டுவிட்டுப் பழைய வரியை நீக்குங்கள். 2023 மார்ச்சில் கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயையே மாற்றியது. அவர்களுடைய ப்ரைவேட் கீ ஒரு பப்ளிக் ரெப்போவில் சிறிது நேரம் தெரிந்துவிட்டதாம். அன்று இந்த எச்சரிக்கையைப் பார்த்தவர்களில் கிட்ஹப்பின் அறிவிப்பைப் படித்துப் புது ஃபிங்கர்பிரின்ட்டை ஒப்பிட்டவர்கள் எத்தனை பேரோ.

பாஸ்வேர்டு லாகினை நிறுத்துவது எப்படி?

நிறுத்துவது எளிது, வெளியே மாட்டிக்கொள்ளாமல் நிறுத்துவதுதான் வேலை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் வெள்ளிக்கிழமை சாயந்தரம் 'பாஸ்வேர்டுஅத்தன்டிகேஷன்' நோ என்று மாற்றி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, லாக்அவுட்டும் செய்துவிட்டேன். என் கீ அந்த யூசருக்கு ஏறவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டேட்டா சென்டருக்கு நேரில் போய்க் கீபோர்டு மாட்டி உள்ளே போனேன்.

அதனால் வரிசை இது. கீயால் உள்ளே போக முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கான்ஃபிகை மாற்றியபின் 'எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் சிறிய டி' போட்டு எழுத்துப்பிழை இல்லையென்று உறுதி செய்து, ரீலோட் செய்யுங்கள். இருக்கும் செஷனை மூடாமல் வேறொரு டெர்மினலில் புதிதாக லாகின் செய்து பாருங்கள். அது திறந்த பிறகுதான் பழையதை மூடலாம்.

உபுண்டு கிளவுட் இமேஜில் ஒரு மாயம் உண்டு. நோ என்று போட்டும் பாஸ்வேர்டு கேட்கும். காரணம், சர்வர் பக்கம் ஓடும் புரோகிராமான எஸ்எஸ்ஹெச்டியின் கான்ஃபிகில் முதலில் படித்த மதிப்புதான் செல்லும். மெயின் ஃபைலின் தொடக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டரை உள்ளே இழுக்கிறார்கள், அங்கே '50-கிளவுட்-இனிட்' என்ற ஃபைலில் யெஸ் என்று உட்கார்ந்திருக்கலாம். 'எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் பெரிய டி' போட்டால் கடைசியில் எது அமலில் இருக்கிறது என்று காட்டும்.

போர்ட் 22-ஐ மாற்றினால் பாதுகாப்பா?

லாகில் இரைச்சல் குறையும். அவ்வளவுதான்.

ஒரு சர்வர் வழியாக இன்னொரு சர்வருக்குப் போக வேண்டும். ப்ரைவேட் கீயை நடு சர்வரில் காப்பி செய்யவா?

கூடாது. ஏஜென்ட் ஃபார்வர்டிங் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள், நடு சர்வரிலிருந்தே உங்கள் லேப்டாப்பின் ஏஜென்டிடம் கையெழுத்து கேட்கும் வசதி. அதிலும் கீ போகாது, உண்மை. ஆனால் நீங்கள் உள்ளே இருக்கும்வரை நடு சர்வரில் முழு அதிகாரம் கொண்ட ரூட் யூசர் உங்கள் ஏஜென்டிடம் கையெழுத்து கேட்டு வாங்க முடியும். 2019-இல் மேட்ரிக்ஸ் அரட்டைத் திட்டத்தின் சர்வர்களுக்குள் புகுந்தவர் இந்த ஏஜென்ட் ஃபார்வர்டிங்கைப் பயன்படுத்தித்தான் மேலும் உள்ளே போனார். 'புராக்ஸிஜம்ப்' போடுங்கள், கமாண்டில் மைனஸ் பெரிய ஜே. நடு சர்வர் வெறும் குழாய்தான். கையெழுத்து உங்கள் லேப்டாப்பிலேயே நடக்கும்.

டீமில் ஐந்து பேர். ஒரே பெம் ஃபைலை (ப்ரைவேட் கீ உள்ள ஃபைல்) எல்லாரும் வைத்துக்கொண்டால் என்ன?

ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்று தெரியும். அவர் கீயை மட்டும் எடுக்க வழியில்லை, அத்தனை சர்வரிலும் மாற்ற வேண்டும். நேற்று ராத்திரி டேட்டாபேஸில் டேபிளை அழித்தது யார் என்று லாகும் சொல்லாது. ஆளுக்கொரு கீ, முடிந்தால் ஆளுக்கொரு யூசர். வீட்டு கம்ப்யூட்டருக்கும் லேப்டாப்புக்கும்கூடத் தனித்தனிக் கீ வையுங்கள். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கினால் போதும். சர்வர் நூறைத் தாண்டினால் எஸ்எஸ்ஹெச் சர்டிபிகேட் (நம்பகமான ஒரு கீ கையெழுத்திட்டுக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு) பக்கம் போங்கள், எட்டு மணி நேரத்தில் காலாவதியாகும்படிகூடக் கொடுக்கலாம்.

எஸ்எஸ்ஹெச்சையே யாராவது உடைத்துவிட்டால்?

நெருங்கி வந்தார்கள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினீயர், தன் மெஷினில் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டினார். ஓபன்எஸ்எஸ்ஹெச் கோடில் பிழை இல்லை. எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அந்தத் திட்டத்தில் நல்லபிள்ளையாக நுழைந்து பராமரிப்பாளராகவே ஆன ஒருவர் ரகசியக் கதவு வைத்திருந்தார். சில லினக்ஸ்களில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக அந்த லைப்ரரி எஸ்எஸ்ஹெச்டிக்குள் ஏறுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் திருட்டுக் கதவும் குறிப்பிட்ட ஒரு ப்ரைவேட் கீ வைத்திருப்பவருக்குத்தான் திறக்கும். பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளோடு அது பிடிபட்டுவிட்டது. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கு மேல் இதில் நீங்களும் நானும் செய்ய அதிகம் இல்லை.

பாஸ்ஃபிரேஸ் மறந்துவிட்டது. மீட்க முடியுமா?

முடியாது. ஏஜென்டில் இன்னும் ஏறியிருந்தால் அணைக்கும் முன் எல்லா சர்வருக்கும் போய்ப் புதுக் கீயை ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் கன்சோல்தான் வழி. பழைய வரியை நீக்க மறக்காதீர்கள்.